சவுக்கின் கணக்கு

குதிரையை எப்போது அடிக்கலாம்? உடலின் எவ்விடத்தில் அடிக்கலாம்? எத்தனை அடி அடிக்கலாம்? இக்கேள்விகளுக்கு விடை எழுதிவைத்தோர் வரிசை மிக நீண்டது. கி.மு. நான்காம் நூற்றாண்டிலே அதென்ஸ் நகரத்துக் குதிரைவீரர் ஒருவர் எழுதினார். கி.பி. 1550இல் நேப்பிள்ஸ் நகரத்துப் பிரபு ஒருவர் எழுதினார். எப்போது அடித்தால் தண்டம் என்பதை 1822இல் இலண்டன் பாராளுமன்றம் சட்டமாக எழுதியது. பிரித்தானியக் குதிரைப்பந்தய அதிகாரசபை 2023ஆம் ஆண்டு நடைமுறைக்குக் கொணர்ந்த விதியிலே துல்லியமான இலக்கமே இருக்கிறது: சமதரைப் பந்தயமாயின் ஆறு அடி, தடைதாண்டும் பந்தயமாயின் ஏழு அடி.

இருபத்துமூன்று நூற்றாண்டுகளாக ஒரே கேள்வி மீண்டும் மீண்டும் கேட்கப்பட்டு வருவதாயின், முந்தியோர் கூறிய விடை பிந்தியோருக்குப் போதவில்லை என்பது தெளிவு. குதிரை அன்றிருந்த குதிரைதான். அதன் தோல் மாறவில்லை. ஈயொன்று வந்து அமர்ந்தாலும் அவ்விடத்தை மட்டும் சிலிர்த்து உதறுகின்ற அதே தோல். மாறியவை அதன் முதுகில் ஏறியிருந்த நலன்களே. அவ்விடைகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது குதிரையைப்பற்றி நாம் அறிவது கொஞ்சம். அக்குதிரையின் வேகத்தால் யார் எதைப் பெற நின்றார் என்பதுபற்றி அறிவது மிக அதிகம்.

செனோபனிலிருந்து தொடங்குவோம். சோக்கிரதீஸின் மாணாக்கர்; கூலிப்படையோடு பாரசீகப் பேரரசின் உட்பகுதிவரை சென்று மீண்டவர்; குதிரையேற்றம் பற்றி அவர் எழுதிய சிறுநூல் இன்றும் குதிரை பழக்குவோரால் படிக்கப்படுகிறது. அவர் காலத்துக் கிரேக்கருக்கு அங்கவடி கிடையாது. கால் ஊன்ற இடமின்றித் தொடைகளின் பிடியை மட்டும் நம்பிப் போர்க்களம் சென்ற மனிதனுக்குக் குதிரையின் வெருட்சி என்பது உயிர் போகும் காரியம். ஆதலால் வெருட்சியைப்பற்றி அவர் நுணுகிச் சிந்தித்தார். குதிரை ஏதோவொரு பொருளைக் கண்டு மிரண்டு நிற்கின்றது எனக் கொள்வோம். பொறுமையற்றவன் சவுக்கை ஓங்குகிறான். செனோபன் கூறுவது வேறு: வீரன் தானே அப்பொருளைத் தொட்டுக் காட்டவேண்டும், பின்னர் குதிரையை மெல்ல அதனருகே நடத்திச் செல்லவேண்டும். அடித்தாற் கேடு இரட்டிக்கும். ஏனெனில், தான் அஞ்சிய அந்தப் பொருளே தனக்கு வலியையும் தந்தது என்று குதிரை எண்ணிக்கொள்ளும். விலங்கின் மனம் காரணத்தையும் காரியத்தையும் எவ்வாறு முடிச்சுப்போடுகின்றது என்பதை, ஆய்வுகூடம் எதுவுமில்லாத காலத்திலே, இத்தனை தெளிவாக ஒருவர் கண்டுணர்ந்தார் என்பது வியப்புக்குரியது.

குதிரையிடம் சினத்தோடு நெருங்கக்கூடாது என்பதும் அவர் வகுத்த விதி. சினம் முன்னோக்கில்லாதது, பின்னர் வருந்தவேண்டியதைச் செய்விப்பது என்பது அவர் கூறும் காரணம். வற்புறுத்தலினால் குதிரை செய்யும் காரியத்தில் அறிதல் இராது, அழகும் இராது என்று கூறி, அதற்குச் சவுக்கடிபட்டு ஆடும் கூத்தாடியை அவர் உவமை காட்டுகிறார். எனினும் செனோபனைக் கருணையின் திருவுருவாக்கிவிடுவதும் பிழை. பள்ளம் தாண்ட மறுக்கும் குதிரைக்குப் பின்னால் ஒருவனை நிறுத்திச் சவுக்காலோ கோலாலோ பலமாக அடிப்பிக்குமாறு அதே நூலில் அவர் கூறுகிறார். ஒருமுறை அவ்வாறு அடிபட்ட குதிரை மறுமுறை பின்னால் ஆள் வருவதைக் கண்டதுமே தாண்டிவிடும் என்பதில் அவருக்கு ஐயமில்லை. போரிலே பள்ளத்தின் இக்கரையில் நின்றுவிட்ட குதிரையால் அவருக்குப் பயனில்லை. அவருடைய கருணையும் கண்டிப்பும் அந்த ஒரே தேவையிலிருந்து பிறந்தவை.

இவ்விடத்திலே நம்மைப்பற்றியும் ஒன்று கூறிவிடுவது நேர்மையாகும். நாம் வகுப்பறையில் நிற்பவர்கள். 2005ஆம் ஆண்டின் சுற்றறிக்கையோடு பாடசாலையிலிருந்து பிரம்பு விலக்கப்பட்டுவிட்டது என்பதை அறிந்தே ஆசிரியத் தொழிலுக்கு வந்தோம். வந்த பின்னரும் சில ஆண்டுகள் மேசை இழுப்பறையில் ஒன்றை வைத்திருந்தோம். எப்போது, எங்கே, எத்தனை என்ற கணக்கு நமக்கும் இருந்தது. உள்ளங்கையில் மட்டும், இரண்டுக்கு மேல் இல்லை, வீட்டுவேலை செய்யாதவனுக்கு மட்டும். ஒருநாள் அலுவலக அறையில் வேறொருவரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு வகுப்புக்கு வந்தபோது அந்தக் கணக்கு கால் நிமிடம்கூட நிலைக்கவில்லை. அடிபட்ட மாணவன் அன்று வீட்டுவேலை செய்திருந்தான். கொப்பியைத் திறந்து காட்ட அவனுக்கு நாம் அவகாசம் தரவில்லை. சினத்தைப்பற்றிச் செனோபன் எழுதியதை அதற்குப் பல ஆண்டுகளின் பின்னரே படித்தோம். இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அந்தக் கொப்பிதான்.

கிரேக்கத்திலிருந்து தமிழுக்கு வருவதற்குச் சவுக்கே ஒரு வழி காட்டுகிறது. பத்துப்பாட்டில் ஒன்றாகிய முல்லைப்பாட்டிலே மன்னனின் பாசறையைக் காவல் செய்யும் யவனர் வருகின்றனர். அவர்தம் உடையோடு சேர்த்துச் சுற்றப்பட்டிருப்பது ‘மத்திகை’ என்னும் பொருள். நச்சினார்க்கினியர் அதற்குக் குதிரைச் சம்மட்டி, அதாவது குதிரைச் சவுக்கு, என உரை வகுத்தார். கிரேக்க மொழியிலே சவுக்குக்கு ‘மாஸ்திக்ஸ்’ என்று பெயர். இவ்விரு சொற்களும் உறவுடையன என்று சொல்லாராய்ச்சியாளர் சிலர் கருதுவர். அக்கருத்துப் பொருந்துமாயின், சவுக்கை அரையிற் கட்டியவாறு வந்த அந்நியனிடமிருந்தே அதன் பெயரையும் நம் முன்னோர் கேட்டுக்கொண்டனர் என்றாகும். வடமொழியின் ‘கசா’ தமிழிலே ‘கசை’யாகிக் ‘கசையடி’ என்று மனிதனுக்குரிய தண்டனையின் பெயராகவே நிலைத்துவிட்டது. இருக்குவேதத்தின் ஆறாம் மண்டலத்திலே போர்க்கருவிகளைப் போற்றும் பாடலொன்றில் வில், அம்பறாத்தூணி ஆகியவற்றோடு சவுக்குக்கும் ஒரு செய்யுள் உண்டு. பிற்காலத்து அசுவ சாத்திரங்களோ எந்தத் தவறுக்கு உடலின் எந்த இடத்தில் அடிக்கவேண்டும் என வகுத்துரைத்தன. இடம் தவறி அடிப்பதாற் குதிரையிடம் புதிய குற்றங்கள் தோன்றும் என்றும் எச்சரித்தன. அரசன் பெரும்பொருள் கொடுத்து வாங்கிய உடைமை பழுதாகக்கூடாதே என்ற கவலை அவ்வெச்சரிக்கையில் ஒலிக்கின்றது.

அப்பெரும்பொருளின் அளவைப் பாண்டிநாட்டுக்குப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ பார்த்தார். அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் குதிரைகள் கப்பலேறி வந்தன. வந்தவற்றிற் பெரும்பாலானவை, பேணும் முறை அறியாமையால், அடுத்த ஆண்டுக்குள் மடிந்தன. குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை வணிகர் உடன் கொணரவில்லை. பிறர் வருவதையும் தடுத்தனர் என்பது அவர் தரும் செய்தி. குதிரை பிழைத்தால் அடுத்த ஆண்டு வியாபாரம் குறையுமல்லவா? சவுக்கைவிட இந்த வணிகக் கணக்கு அதிகமான குதிரைகளைக் கொன்றிருக்கும்.

ஐரோப்பாவின் அரசவைகளைப்பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. நேப்பிள்ஸ் நகரத்துக் கிறிசோன் 1550இல் வெளியிட்ட நூல் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டுப் பிரபுக்களின் வீடுதோறும் புகுந்தது. அதன் வழியில் எழுந்த நூல்களிலே, அடங்காத குதிரையின் வயிற்றருகே கோலிற் கட்டிய பூனையை நீட்டுவதும், வாலின்கீழ் முள்ளெலியைக் கட்டுவதும் கற்பிக்கும் முறைகளாகப் பரிந்துரைக்கப்பட்டன. இத்தாலியிற் பயின்று பிரான்சுக்குத் திரும்பிப் பதின்மூன்றாம் லூயிக்குக் குதிரையேற்றம் கற்பித்த புளுவினெல் என்பார் இதற்கு எதிர்த்திசையிலே சென்றார். குதிரையின் கால்களைவிட அதன் மூளையையே பயிற்றவேண்டும், அடிப்பதிற் சிக்கனமும் தடவிக்கொடுப்பதில் தாராளமும் வேண்டும் என்பது அவர் கொள்கை. அதனைச் சாத்தியமாக்கியது அரசவையின் ஓய்வு என்பதையும் மறக்கலாகாது. அங்கே குதிரை சுமை இழுக்கவில்லை, மண்டபத்தில் நடனமாடியது. நாளைக்குள் சரக்குச் சேரவேண்டும் என்ற அவசரம் எவருக்கும் இருக்கவில்லை. பொறுமைக்கும் ஒரு விலையுண்டு. அவ்விலையைக் கொடுக்கக்கூடியவர்கள் அங்கே இருந்தார்கள்.

அவ்விலையைக் கொடுக்க இயலாதவர்களின் கையிலிருந்த சவுக்கே பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பிரச்சினையாயிற்று. நகரங்கள் பெருத்தன. நிலக்கரி, மா, மதுப்பீப்பா, மனிதர் எல்லாம் குதிரையின் தோளிலேயே நகர்ந்தன. வழுக்கும் கல்வீதிகளில் வண்டியோட்டி குதிரையை அடிப்பது எல்லோர் கண்ணிலும் பட்டது. 1809இல் ஏர்ஸ்கின் பிரபு விலங்கு வதைக்கு எதிரான மசோதாவொன்றைக் கொண்டுவந்தார். பிரபுக்கள் சபையில் நிறைவேறிய அது கீழவையில் வீழ்ந்தது. அதை எதிர்த்தவர்களில் முதன்மையானவர் விண்டம் என்னும் பழைமைவாதி. எருதுப் போரையே ஆதரித்தவர்; முற்போக்காளர் எவரும் அவரைத் தம்மவர் என்று உரிமைபாராட்டமாட்டார். எனினும் அவர் எழுப்பிய ஆட்சேபத்தைத் தள்ளிவிட முடியவில்லை. இந்த மசோதா கீழ்வகுப்பாரை மட்டும் துன்புறுத்தும் மசோதா என்றார் அவர். விரைந்து போகவேண்டுமென்று அஞ்சல் வண்டிக்காரனை அவசரப்படுத்தும் கனவானை எந்த நீதவான் முன் நிறுத்துவது? அடித்தவன் குற்றவாளியாவான், அவசரம் அவனுடையதல்லவே! அதே 1809இல் சிட்னி சிமித் என்னும் குருவானவர் ஒழுக்கச் சீர்திருத்தச் சங்கமொன்றை எள்ளி எழுதியபோது, ஆண்டுக்கு ஐந்நூறு பவுணுக்கு மேற்படாத வருமானமுடையோரின் தீயொழுக்கங்களை ஒழிக்கும் சங்கம் என்று அதற்குப் புதுப்பெயர் சூட்டினார்.

1822இல் அயர்லாந்துக்காரராகிய ரிச்சட் மார்ட்டினின் முயற்சியாற் சட்டம் நிறைவேறியது. குதிரை, கோவேறுகழுதை, கழுதை, மாடு, ஆடு முதலியவற்றைக் கொடுமையாக அடிப்போருக்குப் பத்துச் சிலிங்குக்குக் குறையாமலும் ஐந்து பவுணுக்கு மேற்படாமலும் தண்டம். செலுத்த இயலாவிடின் மூன்று மாதம்வரை சிறை. மார்ட்டினின் இதயத்தை நாம் ஐயுறவில்லை. தம் முறைப்பாட்டினால் தண்டிக்கப்பட்ட ஏழைகளுக்காகத் தண்டப்பணத்தைத் தாமே செலுத்தியதும் உண்டு என்பர். நீதிமன்றத்திலே தம் எதிரில் நின்றவன் யாரென்று அவருக்குத் தெரிந்திருந்தது போலும். 1824இல், அவரும் அடிமை வியாபாரத்துக்கெதிராகப் போராடிய வில்பர்போசும் பிறரும் இலண்டனின் கோப்பிக் கடையொன்றிற் கூடி, விலங்குகள் மீதான கொடுமையைத் தடுக்கும் சங்கத்தை அமைத்தார்கள்.

இந்த ஆண்டுகளைக் கொஞ்சம் பொருத்திப் பார்க்கவேண்டும். இலண்டன் வீதியில் ஒரு குதிரையின் முதுகைச் சட்டம் காக்கத் தொடங்கிய 1822இல், அதே முடியின் ஆட்சிக்குட்பட்ட யமேக்காவின் கரும்புத் தோட்டத்திலே கங்காணியின் கையிற் சவுக்கு இருந்தது. அடிமைகளைச் சவுக்கோடு வேலைக்குத் துரத்தும் வழக்கத்தைக் கைவிடவேண்டும் என்ற யோசனை 1823இலே பாராளுமன்றத்தில் எழுந்தது. தோட்ட முதலாளிகள் அதனைத் தம் உரிமையில் விழுந்த அடியாகக் கருதினர். அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் 1833இல் நிறைவேறி 1834 ஆகஸ்ட் முதலாம் நாளிலேதான் நடைமுறைக்கு வந்தது. பிரித்தானியப் படையிலே போர்வீரனுக்குக் கசையடி நின்றது 1881இல். மனிதர் முறை வருவதற்கு முன் குதிரைக்கு முறை வந்துவிட்டது என்று குதிரையின்மேற் பொறாமைப்பட நாம் இதைக் கூறவில்லை. கருணை சில தெருக்களில் விரைவாகவும் சில தோட்டங்களில் மிக மெதுவாகவும் நடந்தது. எங்கே இலாபம் குறைவாகப் பாதிக்கப்பட்டதோ அங்கே அது முதலிற் போய்ச் சேர்ந்தது.

அன்னா சியூவெல் என்ற அம்மையார் 1877இல் வெளியிட்ட ‘பிளாக் பியூட்டி’ என்னும் கதையைச் சிறுவர் நூலென்று நம்மவர் ஒதுக்கிவிடுவதுண்டு. அதிலே வாடகை வண்டியோட்டும் ஓர் ஏழை வருகிறான். வண்டியும் குதிரையும் அவனுடையவையல்ல. நாளொன்றுக்குப் பதினெட்டுச் சிலிங் வாடகை. அந்தப் பதினெட்டையும் சம்பாதித்த பின்னரே அவனுக்கும் பிள்ளைகளுக்கும் முதற்சதம். களைத்த குதிரையை அடித்து ஓட்டுகிறாய் என்று பிறர் குறைகூறும்போது, வேறென்ன செய்வேன் என்று அவன் திருப்பிக் கேட்கிறான். அடுத்து அவன் இறந்துபோகிறான். குதிரையின் வாயால் கதை கூறிய சியூவெல், அடித்தவனையும் அடிபட்டவனாகக் கண்டார். மார்ட்டினின் சட்டத்திலோ அவனுக்கிருந்த ஒரே இடம் குற்றவாளிக் கூண்டு.

கனவான்களின் சவுக்கு இக்காலமெல்லாம் பந்தயத்திடலிலே பத்திரமாக இருந்தது. அது பெரிதும் கேள்விக்குள்ளானது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். நோர்வே நாடு 1982இல் பந்தயத்தில் வேகத்துக்காகச் சவுக்கடிப்பதை நிறுத்தியது. சுவீடன் 2022இல் அவ்வழியைப் பின்பற்றியது. பிரித்தானியா தடைசெய்யவில்லை, எண்ணத் தொடங்கியது. சவுக்கின் நீளம் எழுபது சதமமீற்றரைத் தாண்டலாகாது. அதன் நுனி மெத்தையிடப்பட்டிருக்கவேண்டும். கை தோளுக்கு மேல் உயரலாகாது. அனுமதித்த இடத்தில் மாத்திரமே அடி விழவேண்டும். ஓர் அடிக்கும் மறு அடிக்குமிடையே குதிரை பதிலிறுக்க அவகாசம் தரவேண்டும். 2011 ஒக்டோபரில் வந்த விதி, சமதரைப் பந்தயத்துக்கு ஏழு அடியென்றும், அவற்றுள் கடைசிப் பர்லோங்கில் ஐந்துக்கு மேற்படலாகாதென்றும் வரையறுத்தது.

விதி வந்து சில நாட்களுக்குள், அந்த ஒக்டோபர் 15ஆம் திகதி, அஸ்கொட் திடலில் ஆண்டின் பெரும்பந்தயமொன்று நடந்தது. வென்ற குதிரையின் ஓட்டி கடைசிப் பர்லோங்கில் ஆறு அடி அடித்திருந்தார். ஓர் அடி அதிகம். அவருக்கு ஐந்து நாள் தடையும், ஐம்பதாயிரம் பவுணுக்கு மேற்பட்ட பரிசுப் பங்கின் இழப்பும் விதிக்கப்பட்டன. குதிரையின் வெற்றியோ செல்லுபடியாயிற்று. உரிமையாளரின் பரிசு உரிமையாளருக்கே சென்றது. விண்டம் 1809இல் எழுப்பிய கேள்வி இருநூற்றிரண்டு ஆண்டுகளின் பின் அதே நாட்டிலே மறுபடி எழுந்து நின்றது. அந்த ஆறாம் அடியின் பயனை யார் பெற்றார், விலையை யார் கொடுத்தார்? ஓட்டிகள் கொதித்தெழுந்தனர். சில நாட்களுக்குள் கடைசிப் பர்லோங் என்ற எல்லை கைவிடப்பட்டது.

அந்த அடிகளாற் குதிரை விரைந்து ஓடுகின்றதா? சிட்னிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் அதே 2011இல் ஐந்து பந்தயங்களில் ஓடிய நாற்பத்தெட்டுக் குதிரைகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு, பந்தயக்காரரின் நம்பிக்கையை அசைப்பது. முடிவுக்கோட்டுக்கு அறுநூறு மீற்றர் முதல் நானூறு மீற்றர் வரை உள்ள பகுதியிலே குதிரைகள் மிகுந்த வேகத்தை எட்டின. அப்போது சவுக்கு பயன்படவில்லை. கடைசி நானூறு மீற்றரிலே சவுக்கு மிகுதியாக விழுந்தது; வேகமோ இறங்கிக்கொண்டிருந்தது. தசை களைத்துவிட்ட நிலையில் மேலும் எதைத் தரமுடியும்? தன்னிடமிருந்ததை அது முன்னரே கொடுத்துவிட்டது.

குதிரைத் தோல் தடிப்பானது, மனிதரைப்போல் அதற்கு வலிக்காது என்ற சமாதானமும் நெடுங்காலம் கூறப்பட்டு வந்தது. 2020இல் வெளிவந்த மற்றோர் ஆய்விலே, இறந்த குதிரைகளினதும் மனிதரினதும் தோல் துண்டுகள் நுணுக்குக்காட்டியின் கீழ் ஒப்பிடப்பட்டன. வலியை உணரும் நரம்பு முனைகள் கிடக்கும் மேற்றோலிலே இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. தடிப்பெல்லாம் அதற்கு அடியிலுள்ள படையில். அது நரம்பு முனையைக் காக்காது. ஈ அமர்ந்தால் சிலிர்க்கும் தோல் அடி விழுந்தால் மரத்துப்போகும் என்று நம்புவதற்கு மிகுந்த விருப்பம் வேண்டும். அந்த விருப்பம் யாரிடம் இருந்தது என்பதைக் கூறத் தேவையில்லை.

ஏறிப் பழகும் சாதாரண ஓட்டிக்குச் சவுக்கு முற்றிலும் வேண்டாததா என்று வாசகர் கேட்கலாம். வேண்டாதது என்று நாம் கூறத் துணியோம், நாம் குதிரையேறியவர்களல்லர். ஆனால் பழக்குவோர் தருகின்ற விளக்கம் செனோபனின் பக்கத்திலேதான் நிற்கிறது. ஓட்டியின் முதற்கருவி அவருடைய காலின் இலேசான அழுத்தம். குதிரை முன்னேறிய கணத்திலே அழுத்தம் நீங்கவேண்டும். அந்த நீக்கத்திலிருந்தே அது கற்கின்றது. காலுக்குப் பதில் வராதபோது, காலுக்குச் சற்றுப் பின்னால் சவுக்கினால் ஒரு தொடுகை. பதில் வந்ததும் அதுவும் நிற்கவேண்டும். கடிவாள வாரைப் பிடித்த கையாலேயே குறுஞ்சவுக்கை வீசினால் வாயும் வெட்டி இழுபடும். ஆதலால் அக்கை முதலில் வாரை விடவேண்டும். தவறு நடந்து சில வினாடிகள் கழிந்தபின் விழும் அடிக்குக் குதிரையின் மனத்திலே காரணம் கிடையாது. தலையில் அடிப்பது எக்காலத்திலும் கூடாது. சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனத்தின் விதிகளும், ஓட்டி தன் கோபத்தைத் தீர்ப்பதற்காகச் சவுக்கைப் பயன்படுத்துவது எந்த அளவிலும் மிகையே என்கின்றன. போட்டியிலிருந்து நீக்கப்பட்ட பின் அடிப்பதையும் தடுக்கின்றன. தோற்றபின் அடிக்கவேண்டாம் என்று விதி எழுத நேர்ந்ததெனில், தோற்றபின் அடித்தவர் பலர் இருந்திருக்கவேண்டும்.

அவ்வாறாயின், வேகம் தராத சவுக்கைப் பந்தயத்திடல் ஏன் விடமறுக்கின்றது? ஒழுங்காக ஓட்டுவதற்கும் பாதுகாப்புக்கும் அது தேவை என்பர் சிலர். 2020இல் வெளியான இன்னோர் ஆய்வு பிரித்தானியாவின் நூற்றிருபத்தாறு பந்தயங்களின் நடுவர் அறிக்கைகளை எடுத்துக்கொண்டது. அவற்றுட் சில, பயிலும் ஓட்டிகளுக்காகச் சவுக்கடியின்றியே நடத்தப்பட்டவை. இருவகைப் பந்தயங்களுக்குமிடையே ஒழுங்கிலோ இடையூறுகளிலோ ஓடிய நேரத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. எஞ்சி நிற்கும் காரணம் ஒன்றே. பந்தயத்துறையினரும் அதை வெளிப்படையாகவே சொல்லி வந்துள்ளனர். குதிரைமேற் பணம் கட்டியவர், ஓட்டி தன்னாலியன்ற அனைத்தையும் செய்தார் என்பதைக் கண்ணாற் காணவேண்டும். சவுக்கு உயர்ந்து தாழ்வது அதற்கான சாட்சி. சாட்சி குதிரையின் உடம்பிலே எழுதப்படுகின்றது. வாசிப்போர் எங்கோ இருக்கின்றனர்.

அவ்வாறு வாசிப்போரில் நம் நாட்டவரும் உளர். ஆங்கிலேயர் இத்தீவுக்குக் குதிரைப்பந்தயத்தையும் கொணர்ந்தனர். கொழும்பிற் கறுவாத்தோட்டப் பந்தயத்திடல் 1893இல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அதுவே விமானத்தளமுமாயிற்று. 1950களின் பிற்பாதியிலே கொழும்பிற் பந்தயம் ஓய்ந்தது. நுவரெலியாவில் 1981இல் மறுபடி தொடங்கி, சித்திரைப் புத்தாண்டுக் காலத்துக் கேளிக்கையாக நிலைத்தது. ஆனால் பணம் கட்டும் பழக்கம் உள்ளூர்க் குதிரையை நம்பியிருக்கவில்லை. நாடெங்குமுள்ள புக்கிக் கடைகளிலே இங்கிலாந்துக் குதிரைகளின்மீது பந்தயம் வைக்கப்பட்டு வருகிறது. அங்கே பிற்பகல் பந்தயம் ஓடும்போது இங்கே வேலை முடிந்த மாலை நேரம். நாம் கற்பிக்கும் ஊரிலும் பஸ் நிலையத்தின் பின்னால் ஒரு கடை உண்டு. நாட்கூலி வாங்கிய கையோடு வருவோர் அங்கே சுவரைப் பார்த்து நிற்பர். எந்நாளும் ஏறியிராத ஒரு விலங்கின் பெயரை, எந்நாளும் போயிராத ஒரு திடலின் பெயரை, அவர்கள் பிழையின்றி உச்சரிப்பர். நம்முடைய மாணவர் சிலரின் தந்தையரும் அவர்களுள் இருக்கின்றனர். வீட்டுவேலை செய்திருந்தும் அன்று நம்மிடம் அடிபட்ட அந்த மாணவனின் தந்தையைக்கூட ஒருநாள் அங்கே கண்டோம். அவர் மரியாதையாகச் சிரித்து, கையிலிருந்த துண்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கடைசி இருநூறு மீற்றரிலே அந்தக் கடைக்குள் எழும் கூச்சலை வெளியே நின்று கேட்டிருக்கிறோம். அடி, அடி என்றுதான் கத்துகிறார்கள். ஓட்டிக்கு அது கேட்காது, குதிரைக்கும் கேட்காது.

2023இன் விதி முன்னையவற்றினும் கடுமையானது. அனுமதித்த எண்ணிக்கையை நான்கு அடியால் மீறினால், அதாவது சமதரையிற் பத்தாவது அடி விழுந்தால், குதிரையே பந்தயத்திலிருந்து நீக்கப்படும். உரிமையாளரும் பரிசை இழப்பார். விண்டத்துக்கு அரைப்பதில் கிடைத்துவிட்டது எனலாம். ஆயினும் அத்தீர்ப்பு அன்றே வழங்கப்படுவதில்லை. பந்தயம் முடிந்து சில நாட்களின் பின் கூடும் குழுவொன்று ஒளிப்பதிவைப் பார்த்து, அடிகளை எண்ணி, முடிவு கூறும். அதற்குள் பந்தயப் பணம் பட்டுவாடாவாகிவிடும்; அன்றைய திடலின் முடிவின்படி கொடுத்தது கொடுத்ததே, அது திருப்பி வாங்கப்படுவதில்லை. பத்தாவது அடியால் வென்ற குதிரையின்மீது பணம் கட்டியவர், குழு கூடுமுன்பே காசை எண்ணி வாங்கிக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடித்திருப்பார்.